'சே' என்றால் தோழரா?

சில வாரங்களுக்கு முன் பொன்னேரியில் ஒரு சிறிய நூல் அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். லத்தீன் அமெரிக்கக் கவிதைகளின் தமிழாக்கம். இருபது பேர் இருந்திருப்போம், மின்விசிறி ஒன்றுதான். பேச வந்தவர் நன்றாகவே பேசினார். நடுவில் ஓரிடத்தில், "சே என்றால் ஸ்பானிய மொழியில் தோழர் என்று பொருள்" என்றார். எல்லோரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன். இருபது ஆண்டுகளாக இந்த வாக்கியத்துக்குத் தலையசைத்து வந்திருக்கிறேன். போதாததற்கு ஒருமுறை நானே அதை எழுதியும் இருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தத் தலையசைப்புக்கு எதிரானது. ஆகவே எனக்கும் எதிரானது.

ஸ்பானிய மொழியில் தோழருக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. ஒன்று 'கொம்பஞ்ஞேரோ'. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்பது அதன் லத்தீன் வேர். மற்றொன்று 'கமராதா'. ஒரே அறையில் உடன் தங்குபவர் என்பது அதன் வேர். இரண்டும் அழகான சொற்கள். உணவையும் உறையுளையும் பகிர்ந்துகொள்வதே தோழமை என்று அந்த மொழி நினைத்திருக்கிறது. 'சே' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அது ஒரு விளிச்சொல். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் எதிரில் இருப்பவரின் கவனத்தைத் திருப்ப, வாக்கியத்தின் தலையிலோ வாலிலோ போடுகிற ஒரு கூப்பாடு. அன்புக்கும் அதுதான், அலுப்புக்கும் அதுதான், வியப்புக்கும் அதுதான். நெல்லைக்காரரின் 'வே', குமரிக்காரரின் 'மக்கா', சென்னையின் 'மச்சி', ஆந்திர எல்லையிலிருந்து எங்கள் வட்டாரத்துக்கு இறங்கி வந்த 'நைனா' ஆகியவற்றின் வரிசையில் வைக்கவேண்டிய சொல் அது. "என்ன வே, சாப்பிட்டீரா?" என்பதில் 'வே'க்கு என்ன பொருளோ அதுதான் 'சே'க்கும் பொருள். அகராதியில் தேடினால் பொருள் கிடைக்காது, தொனிதான் கிடைக்கும்.

அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. தென் சிலியிலும் அர்ஜென்டினாவிலும் வாழும் மபூச்சே பழங்குடியினரின் மொழியில் 'சே' என்றால் மனிதர், மக்கள். அவர்களுடைய இனப்பெயரே 'மண்ணின் மக்கள்' என்று பொருள்படும் கூட்டுச்சொல்தான். குவாரனி மொழியில் 'சே' என்றால் நான், என்னுடைய. ஸ்பெயினின் வலென்சியாவிலும் ஏறத்தாழ இதே ஒலிப்பில் ஒரு விளி இருக்கிறது. அவ்வூர்க் கால்பந்துக் குழுவுக்கே அது செல்லப்பெயராகிவிட்டது. எனக்கு மபூச்சே மூலத்தின்மீது ஒரு சாய்வு உண்டு. ஆனால் அது ஆதாரத்தால் வந்த சாய்வன்று, ஆசையால் வந்தது. 'மனிதா' என்று அழைப்பதே ஒருவருக்குப் பெயராகிவிட்டது என்று எழுத எந்தக் கட்டுரையாளனுக்கும் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது.

இனி, அது எர்னெஸ்தோ கெவாராவுக்கு எப்படிப் பெயராயிற்று என்பதைப் பார்ப்போம். ('குவேரா' என்று எழுதி எழுதி நமக்குப் பழகிவிட்டது. அந்த 'கு'வில் உள்ள உகரம் ஸ்பானிய மொழியில் ஒலிப்பதில்லை. ஆனால் அதற்காக யாரும் பதாகைகளைத் திருத்தப் போவதில்லை. நானும் அதை வற்புறுத்த வரவில்லை.) 1953-இல் மொன்காடா படைமுகாம் தாக்குதல் தோற்றபின் கியூப இளைஞர்கள் சிலர் நாட்டைவிட்டு வெளியேறிக் குவாத்தமாலாவில் அடைக்கலம் புகுந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஓர் அர்ஜென்டின மருத்துவர் அறிமுகமாகிறார். கையில் காசு இல்லை, நெஞ்சில் ஆஸ்துமா, வாயைத் திறந்தால் 'சே'. கியூபர்களின் பேச்சில் அந்த விளி கிடையாது. அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நீக்கோ லோபெஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் அந்த வேடிக்கையையே அவருக்குப் பெயராக வைத்தார்கள். லத்தீன் அமெரிக்காவின் பிற நாடுகளில் அர்ஜென்டினாக்காரர்களைப் பொதுவாகவே இப்படிக் கேலியாகச் 'சே' என்பதுண்டு. அயலூரான் ஒருவனின் பேச்சில் நம் காதுக்கு விசித்திரமாகப் படும் சொல் எதுவோ, அதுவே அவனுக்குப் பெயர்.

இது நமக்குத் தெரியாத வழக்கமா? மலையாளி தேநீர்க் கடை வைத்தால் அவர் 'சேட்டன்'. அவர் வாயில் அடிக்கடி வருகிற மரியாதைச் சொல்லைப் பிடுங்கி அவர் நெற்றியிலேயே ஒட்டிவிட்டோம். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சென்னைக்கு வந்து மளிகைக் கடை போட்டவர்கள் அனைவரும் 'அண்ணாச்சி'. இஸ்லாமியர் எவராயினும் 'பாய்'. மூன்றுமே உடன்பிறப்பைக் குறிக்கும் சொற்கள். மூன்றிலும் உண்மையான அன்பு கலந்திருக்கிறது. மூன்றிலும் 'நீ எங்கள் ஊர்க்காரன் இல்லை' என்பதும் கலந்திருக்கிறது. அடைமொழியும் விளியும் பெயராவதற்கு நம் அரசியலிலும் சான்று உண்டு. காஞ்சிபுரத்து அண்ணாதுரை தமிழகம் முழுமைக்கும் 'அண்ணா' ஆனது பெயரின் சுருக்கத்தால் மட்டுமன்று. அந்தச் சுருக்கம் ஓர் உறவுமுறை விளியாகவும் இருந்ததால்தான். தொல்காப்பியர் விளிக்கென்றே சொல்லதிகாரத்தில் ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார். பெயர் எப்படி விளியாகும் என்பதை அதில் விரிவாகச் சொல்கிறார். விளி எப்படிப் பெயராகும் என்பதை நம் தெருக்கள்தாம் சொல்கின்றன.

ஆகவே, எர்னெஸ்தோ கெவாராவின் பெயரை ஒருவர் நேர்மையாகத் தமிழாக்க வேண்டுமென்றால், 'தோழர் எர்னெஸ்தோ' என்று எழுத முடியாது. 'மக்கா எர்னெஸ்தோ' என்றோ 'அண்ணாச்சி எர்னெஸ்தோ' என்றோதான் எழுதவேண்டும். சிரிப்பு வருகிறதல்லவா? குவாத்தமாலாவில் அந்தக் கியூபர்களுக்கும் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பை வழித்தெறிந்துவிட்டு, மெழுகு பூசி, 'தோழர்' என்று பலகை மாட்டியது நாம். இன்னொரு தரப்பினர் தமிழில் 'சே' என்பது அருவருப்பைக் காட்டும் ஒலியாயிற்றே, அதைக் குழந்தைக்குப் பெயராக வைக்கலாமா என்கிறார்கள். அவர்களுக்கு அதிக இடம் ஒதுக்க விருப்பமில்லை. தமிழில் 'சே' என்ற ஓரெழுத்து ஒருமொழிக்கு எருது என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

'இதனாலென்ன? தோழர் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமே. மதிப்புக் கூடத்தானே செய்கிறது?' என்று கூட்டம் முடிந்ததும் ஒரு நண்பர் கேட்டார். கூடவில்லை, குறைகிறது என்பதே என் வாதம். தோழர் என்ற பட்டத்தை இயக்கம் கொடுத்தால் எவரும் ஏற்பர். அதில் வியப்பொன்றும் இல்லை. அந்நியன் என்று சுட்டிக்காட்டும் ஒரு கேலிப்பெயரை ஏற்று, அதையே தன் கையொப்பமாக்கிக்கொள்வதற்கு வேறொரு மனம் வேண்டும். 1959 பிப்ரவரியில் கியூபா அவரைப் பிறப்பால் கியூபர் என்றே அறிவித்தது. அந்நிய அடையாளத்தை உதற அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. அதே ஆண்டு நவம்பரில் தேசிய வங்கியின் தலைவரானார். 1960-ஆம் ஆண்டுப் பணத்தாள்களில் அவருடைய கையொப்பம் வெறும் மூன்று ரோமன் எழுத்துகள்: 'சே'. ஒரு நாட்டின் பணத்தில் 'மக்கா' என்று கையெழுத்திடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். 'நான் வெளியூர்க்காரன், உங்களுக்கு என் பேச்சு வேடிக்கை, ஆனாலும் உங்கள் கருவூலம் என் பொறுப்பு' என்பதுதான் அந்த மூன்றெழுத்தின் பொருள். தோழர் என்ற மொழிபெயர்ப்பு இதைத் தின்றுவிடுகிறது.

இந்தச் சிறு பிழைக்கு இவ்வளவு ஆத்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நான் கும்மிடிப்பூண்டியில் வேலை செய்கிறேன். அதனால்தான்.

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் வடக்கே வந்தால் எங்கள் நிலையம் நாற்பத்தெட்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்கு வடக்கே ஏளாவூர், ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் ஆந்திரத்துத் தடா. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் அதிகம். பழைய இரும்பு லாரிகளில் வந்து இறங்குகிறது, கட்டுமானக் கம்பியாக வெளியே போகிறது. இடையில் அதைத் தொடுகிற கைகளில் பெரும்பாலானவை ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவை. உலை முன்னால் கோடையில் பத்து நிமிடம் நிற்க என்னால் ஆகாது. அவர்கள் முறை முழுவதும் நிற்கிறார்கள்.

அவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்: 'பையா'. இந்தியில் அது அண்ணன். அன்புச் சொல், மரியாதைச் சொல். வடக்கே காய்கறிக்காரரையும் ரிக்‌ஷாக்காரரையும் அப்படித்தான் விளிப்பார்கள். இங்கே அது பெயராயிற்று. "ரெண்டு பையாவை அனுப்பு", "அந்தப் பையா எங்கே?", "நம்ம பையாதான் சார்." நான் மேலே விவரித்த அதே விதிதான்: அயலானின் வாயில் கேட்ட விளி அயலானுக்கே பெயராவது. ஆனால் இங்கே ஒரு கொடுமையான தற்செயலும் சேர்ந்துகொண்டது. தமிழ்க் காதில் அந்தச் சொல் 'பையன்' என்பதன் விளியாக விழுகிறது. அண்ணனாகப் புறப்பட்ட சொல் கும்மிடிப்பூண்டி நிலையத்தில் இறங்கும்போது பொடியனாகிவிட்டது. ஐம்பது வயதுக்காரரை இருபது வயது மேற்பார்வையாளர் "ஏய் பையா" என்று கூப்பிடும்போது அவர் எந்த மொழியில் கூப்பிடுகிறார் என்று எவராலும் சொல்ல முடியாது. கூப்பிடுகிறவருக்கே தெரியாது.

இன்னுமொன்று. அவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே அன்று. ஒடியாவில் அண்ணன் 'பாயி', 'பாயினா'. வங்காளியில் 'தாதா'. ஒடியாக்காரரைப் 'பையா' என்பது மதுரைக்காரரைச் 'சேட்டா' என்பது போன்றது. தென்னிந்தியர் எல்லோரும் 'மதராசி' என்று வடக்கே சொல்லப்பட்டபோது நாம் கொதித்தோம்; அதைப் பற்றி எத்தனை மேடைப் பேச்சுகள், எத்தனை கட்டுரைகள்! அந்தக் கொதிப்பை நான் மறுக்கவில்லை. அதை ஏளாவூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் கொண்டுவரலாம் என்கிறேன்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. உலைகள் அணைந்தன. ஏப்ரலிலும் மே மாதத்திலும் எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கமிருந்து வடக்கே நடந்துபோனவர்களைக் கண்டோம். தலையில் மூட்டை, சிலரிடம் சைக்கிள். கல்கத்தா நெடுஞ்சாலை என்று அதற்கு ஏன் பெயர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது: அது உண்மையிலேயே அங்கே போகிறது. மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். ஊர் திரும்ப விரும்புகிறவர்களின் பட்டியல் வேண்டும்: பெயர், தந்தை பெயர், மாவட்டம், ஆதார் எண். நான் வேலை பார்த்த ஆலையில் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை டைம் ஆபீஸில் இருந்த என்னிடம் வந்தது.

ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் பெயர்கள் இருந்தன. பெயர்களுக்குரிய முகங்கள் இல்லை. முகங்கள் எங்களிடம் இருந்தன. அவற்றுக்குப் பெயர்கள் இல்லை. மேஸ்திரியை அழைத்து ஒவ்வொருவராகக் கேட்டேன். "இவரு பெரிய பையா சார். அவரு குட்டிப் பையா. அந்தக் கண்ணாடி போட்டவரு கண்ணாடி பையா. இவரு கிரேன் பையா." மேஸ்திரி கெட்ட மனிதர் அல்லர். ஊரடங்கில் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அவர்களுக்குக் கொடுத்தவர். மூன்றாண்டு, நான்காண்டு கூடவே வேலை செய்தவர். ஒரே ஒருவரின் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. என் மேசையின் கண்ணாடிக்கு அடியில் கொர்தா 1960-இல் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம் இருந்தது: தொப்பி, நட்சத்திரம், தூரத்தில் நிலைத்த பார்வை. அந்தப் படத்தின்மேல் காகிதத்தை வைத்துத்தான் பட்டியலை எழுதினேன். ஏறத்தாழ 40 பெயர்கள். எழுதி முடிக்க இரண்டு நாளாயிற்று. எழுத்துக்கூட்டித்தான் எழுதவேண்டியிருந்தது, அவர்கள் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு சிலர் தந்தை பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்கள்.

நண்பர் விடவில்லை. "பையா என்பதில் அன்பு இல்லையா? உங்கள் வாதப்படியே அதுவும் 'சே' மாதிரிதானே?" என்றார். ஆம், அதேதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். செல்லப்பெயரை வைக்கிறவர்களுக்கு முதற்பெயர் தெரிந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குவாத்தமாலாவில் அந்தக் கியூபர்களுக்கு அவர் எர்னெஸ்தோ என்று தெரியும், மருத்துவர் என்று தெரியும், மூச்சுத் திணறும் என்று தெரியும். தெரிந்த பெயர்மேல் இன்னொன்றை அன்பாகப் போர்த்தினார்கள். நாம் தெரியாத பெயருக்குப் பதிலாக ஒன்றை வைத்துக்கொண்டோம். 'அண்ணாச்சி' என்று நாம் அழைக்கிறவர் தன் கடைக்குத் தன் பெயரில் பலகை வைத்திருக்கிறார். கணக்கு நோட்டு அவர் கையில். 'பையா'வுக்குப் பலகையும் இல்லை, நோட்டும் இல்லை. 'பையா' என்று கையெழுத்திட்டால் எந்த வங்கியும் ஏற்காது, பணத்தாளில் போடுவது இருக்கட்டும்.

2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் மூன்று ரயில்கள் மோதின. அதில் ஒன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில். ஏறத்தாழ 290 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேருடைய உடல்களை உரிமை கோர எவரும் வராமல், நான்கு மாதங்களுக்குப் பிறகு அக்டோபரில் புவனேசுவரத்தில் எரியூட்டினார்கள். அந்த ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் சென்னைக்குப் போகும். அந்த 28 பேரில் எவரேனும் இங்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தார்களா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. வந்துகொண்டிருந்திருந்தால், அவர் வரவில்லையே என்று இங்கே யாரேனும் தேடியிருந்தால், என்ன பெயர் சொல்லித் தேடியிருப்பார்கள்?

புரட்சியாளர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது நம் ஊரில் நெடுநாள் பழக்கம். எங்கள் வட்டாரத்திலும் லெனின்கள், ஸ்டாலின்கள், காஸ்ட்ரோக்கள் உண்டு; 'சேகுவேரா' என்றே பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. நான் அதைக் கேலி செய்யமாட்டேன். அந்தத் தகப்பன்மார்களின் ஆசை உண்மையானது. ஆனால் 'தோழர்' என்று நம்பி அந்தப் பெயரை வைத்தவர்கள், தங்கள் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் 'ஏப்பா வெளியூர்க்காரா' என்று கூப்பிடுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்தபின்னும் வைக்கட்டும். அப்போதுதான் அது துணிச்சலான பெயர்.

பட்டியலில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடுத்த ஆண்டு திரும்பி வந்தார்கள். மேஸ்திரி சொன்ன கண்ணாடி பையாவும் வந்தார். அவருடைய உண்மையான பெயரை இப்போது நான் அறிவேன். இங்கே எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை, ஆகவே எழுதவில்லை. போன வாரம் வருங்கால வைப்பு நிதி தொடர்பாக அவருடைய கைப்பேசிக்கு ஓர் எண் வரவேண்டியிருந்தது. வரவில்லை. இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க என் கைப்பேசியிலிருந்து அவரை அழைத்தேன். மேசைமேல் இருந்த அவருடைய கைப்பேசி ஒலித்தது. திரையில் என் எண்ணுக்கு நேரே என்ன பெயர் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். இந்தி எழுத்து எனக்கு வராது. அவரையே படித்துச் சொல்லச் சொன்னேன்.

"அண்ணா, டைம் ஆபீஸ்" என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, என் பெயரைக் கேட்டார்.